கருத்துப்போகும் தோல் ஒட்டு: லேசர் எதை மாற்றும், எதை மாற்றாது?

கல்லாறு (திருவனந்தபுரம்): தீக்காயம், சாலை விபத்து, பாம்புக்கடி ஆகியவற்றால் தோலை இழந்தவர்களுக்கு, உடலின் வேறொரு பகுதியிலிருந்து தோலை எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சை உயிரையும் உறுப்பையும் காக்கிறது. ஆனால் ஒட்டு நன்றாகப் பிடித்து, புண் முழுமையாக ஆறிய பிறகு, அந்தப் பகுதி மட்டும் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்துப்போவது மாநிறமும் கருநிறமும் கொண்ட இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது.

இந்தக் கருமையை லேசர் கொண்டு அகற்ற முடியுமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. கருமை எதனால் ஏற்பட்டது, தோலின் எந்த ஆழத்தில் உள்ளது, ஒட்டு வைத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்ற மூன்றும் தெரிந்த பின்னரே விடை கூற முடியும். இவற்றை ஆராயாமல் செய்யப்படும் லேசர் சிகிச்சை, கருமையை மேலும் கூட்டிவிடவும் கூடும்.

மலையடிவாரமும் பாம்புக்கடியும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி செல்லும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் மலையடிவாரத்தில் அமைந்துள்ளது கல்லாறு. உருண்டைக் கற்கள் நிறைந்த ஆற்றின் பெயரையே ஊரும் பெற்றுள்ளது. இங்குள்ள வனக் குடியிருப்பைச் சேர்ந்த காணி பழங்குடிப் பெண்மணி லட்சுமிக்குட்டி அம்மா, விஷக்கடிக்கான மூலிகை மருத்துவத்துக்காக நாடெங்கும் அறியப்பட்டவர். நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே தயாரிப்பவர் என்ற பெயர் பெற்ற அவருக்கு 2018-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விஷ வைத்தியத்துக்கு இத்தகைய மரபு உருவாகும் அளவுக்கு, காடும் தோட்டங்களும் சூழ்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் பாம்புக்கடி அபாயம் என்றும் இருந்து வந்துள்ளது. பாம்பு கடித்தவரைக் காலம் தாழ்த்தாமல், விஷமுறிவு ஊசி இருப்பில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

இந்தியாவில் பயன்படுத்தப்படும் பன்முக விஷமுறிவு மருந்து நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியனின் விஷம் இந்தப் பட்டியலில் இல்லை.

விஷமுறிவு மருந்து உயிரைக் காப்பாற்றினாலும், கடிவாயைச் சுற்றி ஏற்கெனவே அழிந்துவிட்ட தசையையும் தோலையும் அதனால் மீட்க முடியாது. நாகப்பாம்பும் விரியன் வகைகளும் கடிக்கும்போது இத்தகைய திசு அழிவு ஏற்படலாம். அழிந்த பகுதியை அறுவை சிகிச்சை நிபுணர்கள் வெட்டி அகற்றுகின்றனர். அதனால் உண்டாகும் பெரிய புண்ணை மூடுவதற்கு, பெரும்பாலும் தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டுகின்றனர். பாம்புகள் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் கடிப்பதால், ஒட்டும் அங்கேயே அமைகிறது. வெயில் படும் இடமும், இரத்தம் தேங்கும் இடமும் அதுவே. ஒட்டு கருத்துப்போவதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள்.

ஒட்டு எவ்வாறு பிடிக்கிறது?

தோல் இரண்டு முதன்மை அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது மேல்தோல். அதன் கீழ் இரத்த நாளங்களும் நரம்புகளும் வியர்வைச் சுரப்பிகளும் கொண்டது உள்தோல். மேல்தோல் முழுவதையும் உள்தோலில் ஒரு பகுதியையும் மட்டும் சீவி எடுத்து ஒட்டுவது மெல்லிய ஒட்டு எனப்படுகிறது. இதன் தடிமன் பொதுவாக 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரண்டு அடுக்குகளையும் முழுமையாக எடுத்து ஒட்டுவது முழுத்தடிமன் ஒட்டு.

எடுக்கப்பட்ட தோலுக்கு அந்நேரத்தில் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. முதல் 2 நாள்கள் அது புண்ணின் அடியில் கசியும் நீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பின்னர் ஒட்டில் உள்ள நுண்குழாய்கள் புண்ணில் உள்ள நுண்குழாய்களுடன் இணைகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் புதிய இரத்த ஓட்டம் நிலைபெறுகிறது. இந்த இடைக்காலத்தில் ஒட்டு அசைந்தாலோ, அடியில் இரத்தமோ சீழோ சேர்ந்தாலோ அது பிடிக்காமல் போகும்.

மெல்லிய ஒட்டு எளிதில் பிடித்துக்கொள்ளும். பெரிய பரப்பை மூடவும் உதவும். தோல் எடுத்த இடமும் தானாகவே ஆறிவிடும். ஆகவே தீக்காயத்துக்கும் பாம்புக்கடிப் புண்ணுக்கும் இதுவே பெரிதும் பயன்படுகிறது. ஆனால் சுருங்குவதிலும் கருப்பதிலும் இதுவே முன்னிற்கிறது. முழுத்தடிமன் ஒட்டு நிறத்தை ஓரளவு நன்றாகக் காத்துக்கொள்கிறது. எனினும் அதைச் சிறு பரப்புக்கு மட்டுமே எடுக்க முடியும் என்பதால், முகம், விரல் போன்ற இடங்களுக்கே அது ஒதுக்கப்படுகிறது.

இரத்த ஓட்டம் அறுபடாமல் தோலை ஒரு காம்புடன் திருப்பி வைத்துத் தைப்பது மற்றொரு முறை. வெட்டப்பட்ட மூக்கை நெற்றித் தோலால் மீண்டும் உருவாக்கிய புணே மருத்துவம் குறித்து 1794-ஆம் ஆண்டு லண்டன் இதழ் ஒன்றில் வெளியான செய்தி, ஐரோப்பிய அறுவை சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அந்த முறையில் தோல் தன் முழுத் தடிமனையும் சொந்த இரத்த ஓட்டத்தையும் இழப்பதில்லை. அதனால் நிறமும் அதிகம் மாறுவதில்லை. தொடையிலிருந்து சீவி எடுக்கப்படும் மெல்லிய தோலுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை.

கருமை ஏன் ஏற்படுகிறது?

தோலின் நிறத்துக்குக் காரணமான மெலனின் என்ற நிறமியை, மேல்தோலின் அடிப்பகுதியில் உள்ள நிறமிச் செல்கள் உற்பத்தி செய்கின்றன. இந்தச் செல்களின் எண்ணிக்கை வெள்ளை நிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை எவ்வளவு மெலனினை உற்பத்தி செய்கின்றன, அந்த நிறமித் துகள்கள் எவ்வளவு பெரியவை, எவ்வாறு பரவுகின்றன என்பவற்றில்தான் வேறுபாடு உள்ளது. மாநிறத் தோலில் இச்செல்கள் சிறு தூண்டுதலுக்கும் வேகமாக வினைபுரிகின்றன. கொசு கடித்த இடமும் முகப்பரு ஆறிய இடமும் மாதக்கணக்கில் கறுத்திருப்பதற்கு இதுவே காரணம்.

தோல் ஒட்டு என்பது இத்தகைய தூண்டுதல்கள் பல ஒன்றுசேரும் இடம். முதலாவது, அழற்சி. தோல் வெட்டப்பட்டு, இரத்தமின்றி இருந்து, மீண்டும் இரத்தம் பெறும்போது வெளியாகும் வேதிப்பொருள்கள் நிறமிச் செல்களைத் தூண்டுகின்றன. ஆறுவதற்குத் தாமதமான புண்ணிலும், சீழ் பிடித்த புண்ணிலும் இந்தத் தூண்டுதல் நீடிக்கிறது.

இரண்டாவது, ஒளி. சூரியனின் புற ஊதாக் கதிர்களுடன், கண்ணுக்குப் புலப்படும் நீல ஒளியும் மாநிறத் தோலைக் கருக்கச் செய்யும் என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள கேரளத்திலும் தென் தமிழகத்திலும் புற ஊதாக் கதிர்வீச்சு ஆண்டின் பெரும்பகுதியிலும் கடுமையாக இருக்கும். உயரம் கூடும்போது அது மேலும் அதிகரிக்கும். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் புற ஊதாக் குறியீட்டை வெளியிட்டு, முற்பகல் முதல் பிற்பகல் வரை நேரடி வெயிலைத் தவிர்க்குமாறு பொதுமக்களை எச்சரித்து வருகிறது. ஏலம், ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோர் இந்த அறிவுரையைப் பின்பற்றுவது எளிதன்று.

மூன்றாவது, தோல் எடுக்கப்பட்ட இடம். தோல் எங்கு ஒட்டப்பட்டாலும், தான் பிறந்த இடத்தின் இயல்பையே பெரிதும் தக்கவைத்துக்கொள்கிறது. தொடைத் தோலை முகத்தில் ஒட்டினால் அது திட்டாகத் தெரியும். உள்ளங்கையில் ஒட்டினால் வெளிர் நிறத்தின் நடுவே கருந்திட்டாக நிற்கும். இதனால்தான் முகத்துக்குக் காதின் பின்புறத்திலிருந்தோ கழுத்தெலும்புக்கு மேலிருந்தோ தோல் எடுக்கவும், உள்ளங்கைக்குப் பாதத்தின் உட்குழிவிலிருந்து தோல் எடுக்கவும் நிபுணர்கள் முயல்கின்றனர். பரந்த தீக்காயத்தில் இவ்வாறு தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லை. எங்கு நல்ல தோல் எஞ்சியிருக்கிறதோ, அதுவே உயிர் காக்கும் தோல்.

இறந்தவர்களிடமிருந்து தானமாகப் பெறப்படும் தோல் இந்தச் சிக்கலைத் தீர்க்குமா என்ற ஐயமும் எழுவதுண்டு. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேரளத்தின் முதல் தோல் வங்கி அமைவதாக 2025 ஜூலையில் மாநில அரசு அறிவித்தது. இத்தகைய வங்கிகளில் சேமிக்கப்படும் தோல், கடுமையான தீக்காயத்தை மூடி நீரிழப்பையும் தொற்றையும் தடுக்கும் தற்காலிகப் போர்வையாகும். சில வாரங்களில் உடல் அதை ஏற்க மறுத்துவிடும். நிலையாகப் பிடிப்பது நோயாளியின் சொந்தத் தோலே. ஆகவே நிறம் குறித்த கேள்வி அவரது சொந்தத் தோலைப் பற்றியதாகவே இருக்கும்.

கருமைகள் பலவிதம்

பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் கருமை, உண்மையில் மூன்று வகைப்படும். மேல்தோலில் மெலனின் மிகுந்திருந்தால் நிறம் பழுப்பாகத் தெரியும். மெலனின் உள்தோலுக்குள் இறங்கி அங்குள்ள துப்புரவுச் செல்களில் தேங்கியிருந்தால், சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். முதல் வகை களிம்புகளுக்கும் காலத்துக்கும் கட்டுப்படக்கூடியது. இரண்டாவது வகை பிடிவாதமானது.

மூன்றாவது வகைக்கு மெலனினுடன் தொடர்பே இல்லை. காலின் கீழ்ப்பகுதியில் தேங்கும் இரத்தத்திலிருந்து சிவப்பணுக்கள் கசிந்து சிதையும்போது, அவற்றின் இரும்புச் சத்து தோலில் கறையாகப் படிகிறது. பழைய துணியில் படிந்த துருக்கறையைப் போன்றது இது. மெலனினைக் குறிவைக்கும் லேசரை இங்கு பயன்படுத்துவதால் பெரும் பயன் இராது. காலை உயர்த்தி வைத்தல், அழுத்தக் காலுறை அணிதல், நாள நோய்க்குச் சிகிச்சை பெறுதல் ஆகியவையே அடிப்படைத் தேவை. கால் ஒட்டு கருத்தவர்களுக்கு லேசரைப் பற்றிப் பேசும் முன், மருத்துவர் நரம்பு முடிச்சு வீக்கம் உள்ளதா என்று காலைச் சோதிப்பதன் காரணம் இதுவே.

லேசர் செயல்படும் விதம்

வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு அலைநீள ஒளியை உறிஞ்சும் என்பதே தோல் லேசர்களின் அடிப்படை. மெலனின் ஒரு குறிப்பிட்ட ஒளியை உறிஞ்சி வெப்பமடையும். அந்த வெப்பம் அக்கம்பக்கத்துக்குப் பரவும் முன்பே ஒளித்துடிப்பு முடிந்துவிட்டால், நிறமித் துகள் மட்டும் சிதறும். சுற்றியுள்ள திசு தப்பிவிடும். இக்கோட்பாட்டை அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்களான ஆண்டர்சன், பாரிஷ் ஆகியோர் 1983-ஆம் ஆண்டு வெளியிட்டனர். சிதறிய துகள்களை உடலின் துப்புரவுச் செல்கள் சில வாரங்களில் அகற்றுகின்றன.

நிறமிக்கு இன்று பெரிதும் பயன்படுவது என்டி-யாக் லேசர். இதன் ஒளித்துடிப்பு, ஒரு வினாடியை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் சில பங்குகள் மட்டுமே நீடிக்கும். அண்மைக்காலப் பிகோ லேசர்களின் துடிப்பு அதைவிடவும் குறுகியது. இக்கருவி 532, 1064 நானோமீட்டர் என்ற இரு அலைநீளங்களில் இயங்கும். அலைநீளம் கூடக்கூட, ஒளி ஆழமாக ஊடுருவும். மேல்தோலில் உள்ள மெலனின் அதை உறிஞ்சும் அளவு குறையும். எனவே இந்தியத் தோலுக்கு 1064 நானோமீட்டர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. வெள்ளைத் தோலில் நல்ல பலன் தரும் குறுகிய அலைநீள லேசர்கள், மாநிறத் தோலில் இயல்பான நிறமியையும் சேர்த்தே தாக்கிக் கொப்புளத்தை உண்டாக்கலாம்.

மற்றொரு வகை, கரியமில வாயு லேசர். மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்த இயற்பியலாளர் குமார் படேல் 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கினார். இதன் ஒளியைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சுகிறது. தோல் முழுவதையும் சுடாமல், ஊசி முனை அளவில் இடைவெளி விட்டுத் துளையிடும் முறை 2004-ஆம் ஆண்டுக்குப் பிறகு பரவியது. துளைகளுக்கு இடையே உள்ள நலமான தோல், ஆறுவதை விரைவுபடுத்துகிறது. தடித்து, இறுகி, மேடுபள்ளமாகிவிட்ட ஒட்டை மிருதுவாக்க இது உதவும். மடக்க முடியாத விரலுக்கும் நிமிர்த்த முடியாத முழங்காலுக்கும் இந்த மிருதுத்தன்மை, நிறத்தைவிட முக்கியமானதாக இருக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் கருதி இதைச் செய்துகொள்வோர், இந்தத் துளைகளும் ஒரு வகைக் காயமே என்பதை அறிந்திருக்க வேண்டும்.

சிகிச்சையே கருமையைக் கூட்டும்போது

காயத்துக்கு எதிர்வினையாகக் கருக்கும் தோலில், லேசர் என்ற புதிய காயத்தை ஏற்படுத்துவதே இச்சிகிச்சையின் முரண். ஆற்றல் சற்றுக் கூடினாலும் அழற்சி உண்டாகி, முன்பிருந்ததைவிட ஆழ்ந்த கருமை தோன்றலாம். மறுபுறம், மீண்டும் மீண்டும் லேசர் செலுத்துவதால் நிறமிச் செல்கள் சேதமடைந்து, கருந்திட்டின் நடுவே வெண்புள்ளிகள் உண்டாகலாம். கருமை காலப்போக்கில் வெளிறக்கூடும். இந்த வெண்புள்ளிகளுக்கு மருந்து காண்பது அதைவிடக் கடினம்.

மெல்லிய ஒட்டில் இந்த அபாயம் மேலும் அதிகம். இயல்பான தோலில் ஏற்படும் லேசர் காயம், மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் உள்ள செல்கள் பெருகுவதால் விரைவில் ஆறுகிறது. சீவி எடுக்கப்பட்ட தோலில் இவை மிகக் குறைவு. ஆகவே ஆறும் காலம் நீளும். தழும்புக்கான வாய்ப்பும் கூடும்.

ஒட்டின் கருமைக்கு லேசர் தரும் பலன் குறித்து வெளியாகியுள்ள ஆய்வுகள் பெரும்பாலும் சில நோயாளிகளை மட்டுமே கொண்டவை. முகப்பருத் தழும்புக்கோ, தடித்த தீக்காயத் தழும்புக்கோ உள்ள அளவு விரிவான சான்று இதற்கு இல்லை. பல அமர்வுகள் தேவைப்படும். ஒவ்வோர் அமர்வுக்கும் இடையே சில வாரங்கள் இடைவெளி வேண்டும். பலன் கிடைப்பவர்களுக்கும், திட்டின் கருமை குறைந்து சுற்றியுள்ள தோலுடன் ஓரளவு இணங்கி வருவதே இயல்பான எதிர்பார்ப்பு. ஒட்டின் எல்லைக்கோடும், தோலை வலைபோல் விரித்து ஒட்டிய அடையாளமும் லேசரால் முழுவதும் மறைந்துவிடாது.

முதல் ஓராண்டின் முக்கியத்துவம்

ஒட்டு வைத்த முதல் ஓராண்டு, தழும்பு முதிரும் காலம். இந்தக் காலத்தில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் சிவந்து, பின்னர் கருத்து, சிலருக்குத் தானாகவே ஓரளவு வெளிறும். நிறம் நிலைபெறும் முன் லேசர் செய்தால், இயற்கையாகக் குறையவிருந்த கருமையைக் கிளறிவிட நேரலாம். அதே சமயம், இந்த ஓராண்டில் மேற்கொள்ளும் எளிய பாதுகாப்பு, பின்னர் லேசரே தேவைப்படாத நிலையையும் உருவாக்கலாம்.

வெயில் படாமல் காப்பதே முதல் வேலை. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் ஒட்டை மூடிக்கொள்வது, செலவில்லாததும் நம்பகமானதுமான வழி. மூட முடியாத முகத்துக்கும் கைக்கும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தேவை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் கொண்ட சன்ஸ்கிரீன்கள் கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் தடுப்பதால் மாநிறத் தோலுக்குக் கூடுதல் பயன் தரும். புண் முழுமையாக ஆறிய பிறகே இவற்றைப் பூச வேண்டும்.

எண்ணெய்ச் சுரப்பிகளை இழந்த ஒட்டு, வறண்டு அரிக்கும். சொறிவதும் ஒரு காயமே. அதுவும் கருமையில் முடியும். மணமற்ற வாசலின் அல்லது மருத்துவர் பரிந்துரைக்கும் எண்ணெயை நாள்தோறும் பல முறை தடவி மெல்ல நீவிவிடுவது அரிப்பைக் குறைக்கும். அழுத்த உடையும் சிலிக்கோன் பூச்சும் தழும்பு தடிக்காமல் காக்கின்றன.

எலுமிச்சைச் சாறு பூசினால் நிறம் வெளுக்கும் என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருந்திட்டும் உண்டாகும் என்பது மருத்துவ நூல்களில் பதிவான உண்மை. புதிய ஒட்டில் அதைத் தேய்ப்பது நேர்மாறான விளைவையே தரும்.

களிம்புகளின் மறுபக்கம்

ஓராண்டுக்குப் பின்னும் கருமை நீடித்தால், ஹைட்ரோகுவினோன், அசெலாயிக் அமிலம், ட்ரெட்டினாயின் போன்ற மருந்துகளைத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். லேசருக்கு முன் சில வாரங்கள் இவற்றைப் பயன்படுத்தி நிறமிச் செல்களை அடக்கி வைப்பதும் உண்டு.

ஆனால் மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் பூசும் வெளுக்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்துள்ளது. முதல் சில வாரங்களில் வியக்கத்தக்க பலன் தெரியும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, நாளங்கள் புடைத்து, நிறுத்தியவுடன் கருமை இரட்டிப்பாகத் திரும்பும். ஏற்கெனவே மெல்லியதான ஒட்டுத் தோலுக்கு இது பெருங்கேடு. இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் மத்திய அரசு 2018-ஆம் ஆண்டு சேர்த்தது.

பாதரசம் கலந்த முகப்பூச்சுகள் அடுத்த ஆபத்து. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுடன் வந்த நோயாளிகள் சிலரிடம், அவர்கள் பூசிவந்த வெளுக்கும் களிம்பே நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதனைத் தொடர்ந்து 2023-ஆம் ஆண்டு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சட்டவிரோத அழகுசாதனப் பொருள்களைப் பறிமுதல் செய்யும் சோதனைகளை நடத்தியது குறிப்பிடத்தக்கது.

செலவை ஏற்பது யார்?

ஒட்டு அறுவை சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றியோ, அரசுக் காப்பீட்டின் மூலமோ பெற முடிகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம், மருத்துவமனையில் சேர்த்து அளிக்கப்படும் சிகிச்சைக்கானது. அழகு சார்ந்த சிகிச்சைகள் அதில் அடங்கா. கருமைக்கான லேசரோ புறநோயாளியாக, பல மாதங்கள், பல அமர்வுகளில் செய்யப்படுவது. இதனால் ஒட்டுக்குப் பணம் செலவிடாத குடும்பம், அதன் நிறத்துக்குக் கைப்பணம் செலவிட வேண்டிய நிலை ஏற்படுகிறது.

அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. மருந்து, உணவு, படுக்கை, சீரமைப்பு அறுவை சிகிச்சை உட்பட முழுச் சிகிச்சையையும் தனியார் மருத்துவமனைகளும் இலவசமாக அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அவர்களையும் மாற்றுத்திறனாளிகளாக ஏற்கிறது. அடுப்புத் தீயிலோ பாம்புக்கடியிலோ தோலை இழந்தவர்களுக்கு இதற்கு இணையான பாதுகாப்பு இல்லை.

நிறம் வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாதது என்பதைத் தமிழகம் அறியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். உயிர் தப்பிய குழந்தைகள் தீக்காயத் தழும்புகளுடனேயே வளர வேண்டியிருந்தது. பள்ளி, வேலை, திருமணம் என ஒவ்வொரு வாயிலிலும் பிறரின் பார்வையை எதிர்கொள்ளும் ஒருவருக்கு, தழும்பின் நிறம் குறைவது மறுவாழ்வின் ஒரு பகுதியே.

லேசருக்கு முன் கேட்க வேண்டியவை

லேசர் செய்துகொள்ள எண்ணுவோர், தமது கருமை மேல்தோலில் உள்ளதா, உள்தோலில் உள்ளதா, அல்லது இரும்புக் கறையா என்பதைத் தோல் மருத்துவரிடம் முதலில் கேட்டறிய வேண்டும். எந்த லேசர், எந்த அலைநீளம், மாநிறத் தோலில் அம்மருத்துவருக்கு உள்ள அனுபவம் எவ்வளவு என்பவை அடுத்த கேள்விகள். ஒட்டின் ஓரத்தில் சிறு இடத்தில் மட்டும் சோதனை செய்து, சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த பின்னரே முழுப் பகுதிக்கும் லேசர் செலுத்த வேண்டும். தடித்துப் பரவும் தழும்பு முன்பு ஏற்பட்டிருந்தால், அதை மறைக்காமல் கூற வேண்டும். சிகிச்சையின்போது கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

லேசர் பொருந்தாதவர்களுக்கும் வழிகள் உள்ளன. சிறிய ஒட்டாக இருந்தால், அதைச் சிறிது சிறிதாக வெட்டியெடுத்துப் பக்கத்துத் தோலை இழுத்துத் தைக்கலாம். முகத்தில் மெல்லிய ஒட்டை நீக்கி முழுத்தடிமன் ஒட்டை வைக்கலாம். தோல் நிறத்துக்கு ஏற்பக் கலந்து தரப்படும் மறைப்புப் பூச்சுகள், எந்த அபாயமும் இன்றி அன்றாடத் தேவைக்கு உதவும்.

கல்லாறு போன்ற மலைக் குடியிருப்பிலிருந்து நகர மருத்துவமனைக்கு மாதந்தோறும் வந்துசெல்வது, கூலி வேலை செய்யும் ஒருவருக்கு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழப்பதாகும். அவருக்கு ஓராண்டு கழித்துச் சொல்லப்படும் லேசர் ஆலோசனையைவிட, ஒட்டு வைத்து வீடு திரும்பும் நாளில் செவிலியர் சொல்லும் மூன்று அறிவுரைகளே கூடுதல் பயன் தரும். ஒட்டைத் துணியால் மூடி வைக்க வேண்டும், வறளவிடக் கூடாது, கண்ட களிம்பைப் பூசக் கூடாது.